இரண்டு நிமிட வேலைக்கு என்ன கூலி?

பிரான்ஸில் பழைய துணியையும் காலணியையும் தூக்கி எறியாமல் பழுது பார்த்துப் போட்டுக்கொள்பவர்களுக்கு 2023 நவம்பர் முதல் கூலியில் தள்ளுபடி உண்டு. வேலையைப் பொறுத்து 6 யூரோவிலிருந்து 25 யூரோ வரை. துணியும் காலணியும் விற்கிற நிறுவனங்கள் கட்டும் பணத்திலிருந்து அந்தத் தொகை போகிறது. நம் ஒன்றிய அரசும் 2022 டிசம்பரில் ‘பழுதுநீக்கும் உரிமை’க்கென்று ஒரு தளம் திறந்தது. விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று அதில் நான்கு துறைகள். பையும் பூட்ஸும் கிடையாது. இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் சென்னை பெரியமேட்டில் தோல் வியாபாரம் செய்யும் நண்பர், “எங்க தெருப் பக்கம் ஒரு பாய் உக்காந்திருக்காரு. ஜிப் வேலை மட்டும்தான் எடுப்பாரு. அவரைப் பாக்காம எழுதாதீங்க” என்றார்.

பெரியமேடு, சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். சைடன்ஹாம்ஸ் சாலையில் திரும்பியதுமே தோல் வாடையும் சொல்யூஷன் வாடையும் சேர்ந்து வந்துவிடும். பக்கிள், சோல், லைனிங் துணி, ரோல் ரோலாக ஜிப் என்று காலணிக்கும் பைக்கும் வேண்டிய எல்லாம் இங்கே கிடைக்கும். அதை ஒட்டிய ஒரு சந்தின் நடைபாதையில், சுவரோரம் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார் பாய். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இடப்பக்கம் கையால் சுற்றும் தையல் மெஷின், வலப்பக்கம் ஒரு பழைய பிஸ்கட் டப்பா.

அவரிடம் வருகிறவர்கள் மூன்று வகை. ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பெட்டி வாயைப் பிளந்துகொண்டவர்கள் ஒரு வகை. ஜூன் மாதம் பள்ளிக்கூடப் பையோடு வரும் அம்மாக்கள் இன்னொரு வகை. மூன்றாவது, பூட்ஸோடு வரும் காவலர்கள். போலீஸ் கமிஷனர் அலுவலகம் பக்கத்து வேப்பேரியில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் ஜிப் வைத்த பழுப்பு பூட்ஸ், அணிவகுப்புக்கு முந்தைய நாள் பார்த்துத்தான் சிக்கிக்கொள்ளுமாம்.

ஜிப்பின் பூர்வகதையும் பூட்ஸில்தான் தொடங்குகிறது. 1893-இல் அமெரிக்காவில் விட்கோம்ப் ஜட்சன் காப்புரிமை வாங்கியது, காலணியைக் கயிறு கட்டாமல் மூடுவதற்கான ஒரு கொக்கி வரிசைக்கு. அது அடிக்கடி பிரிந்துகொண்டது. ஸ்வீடனில் பிறந்த கிடியன் சண்ட்பேக் அதைத் திருத்தி, இன்று நாம் காணும் பல் வரிசையாக்கி 1917-இல் காப்புரிமை பெற்றார். ‘ஜிப்பர்’ என்ற பெயரைப் பரப்பியதும் 1920-களில் குட்ரிச் நிறுவனம் விற்ற ரப்பர் பூட்ஸ்தான்.

நான் போய் உட்கார்ந்த சிறிது நேரத்தில் ஓர் இளைஞர் பெரிய சூட்கேஸை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். “பாய், ஜிப் போச்சு. மாத்திக் குடுங்க. கோரமண்டலுக்குப் போகணும்.” பாய் பெட்டியைத் திருப்பினார். ஜிப்பில் இரண்டு ரன்னர்கள். ஒன்று ஓடியது, ஆனால் அது கடந்து போன இடமெல்லாம் பல் திறந்தே கிடந்தது. அதை ஒரு கோடிக்குத் தள்ளி நிறுத்தினார். மற்றதை எதிர்க் கோடியிலிருந்து முழு நீளத்துக்கும் இழுத்தார். பெட்டி மூடிக்கொண்டது.

“எப்பவும் ஒரே ரன்னரைத்தான் இழுப்பாங்க. அது தேஞ்சுடும். இன்னொண்ணு புதுசாவே கிடக்கும்” என்று என்னிடம் சொன்னார். இளைஞர் நன்றி சொல்லிவிட்டு ஓடினார். காசு எதுவும் கைமாறவில்லை.

ஜிப் போச்சு என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் போயிருப்பது ரன்னர்தான் என்கிறார் பாய். ரன்னருக்கு மேல் தகடு ஒன்று, கீழ்த் தகடு ஒன்று. இரண்டுக்கும் இடையில் பற்களை அமுக்கிக் கோத்துவிடுவதுதான் அதன் வேலை. தூசியும் இழுப்பும் சேர்ந்து உள்பக்கத்தைத் தேய்த்துவிடும். தகடுகள் இம்மி அகன்றுவிடும். பல் நன்றாக இருந்தாலும் கோர்க்காது. குறட்டால் ரன்னரின் பின்பக்க ஓரங்களை, முதலில் ஒரு பக்கம், அப்புறம் மறுபக்கம், மெல்ல அமுக்கினால் போதும். அதிகம் அமுக்கினால் ரன்னர் நகராது. பித்தளை ரன்னர் வளைந்து கொடுக்கும். மலிவான வெள்ளை உலோகம் படக்கென்று உடையும். அமுக்கிய ரன்னர் சில மாதம் ஓடும், சில சமயம் வருடக்கணக்கில் ஓடும். மறுபடி தளர்ந்தால் ரன்னரை மாற்ற வேண்டும்.

மாற்றுவதற்குத்தான் அந்த பிஸ்கட் டப்பா. குப்பைக்குப் போன பைகளிலிருந்து கழற்றிய ரன்னர்களை பாய் வகைவாரியாகப் பிரித்து, சின்னச் சின்ன பொட்டலங்களாகக் கட்டி வைத்திருக்கிறார். ரன்னரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் 3, 5, 8, 10 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். மூடிய பல் வரிசையின் அகலம் ஏறக்குறைய அத்தனை மில்லிமீட்டர். எண் ஒன்றாக இருந்தாலும் சுருள் நைலான் ஜிப்பின் ரன்னர் உலோகப் பல்லுக்கு ஆகாது; அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பல்லுக்கும் ஆகாது. பெரிய கம்பெனிப் பைகளில் சில ரன்னர்கள் கடையில் எங்கு தேடினாலும் கிடைக்காத அளவில் இருக்கும். “அதுக்கெல்லாம் செத்த பைதான் கடை” என்றார். டப்பாவில் கை விட்டுப் பார்க்காமலே தடவி எட்டாம் நம்பரை எடுத்துக் காட்டினார்.

அவர் பிறந்தது பேரணாம்பட்டில். தகப்பனார் தோல் பதனிடும் தொட்டியில் வேலை பார்த்தவர். பாய் பதின்வயதில் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஹெல்பராகச் சேர்ந்து, மேல்தோல் தைக்கும் மெஷினுக்கு உயர்ந்தார். ஏற்றுமதிக்குப் போகும் பெண்கள் பூட்ஸுக்கு ஜிப் வைக்கும் வரிசையில் பல வருடம். “போட்ட கைக்குத்தான் பிரிக்கவும் தெரியும்” என்பார். கம்பெனியில் ஆட்குறைப்பு வந்தபோது சென்னைக்கு வந்துவிட்டார். மகன் பைக்கில் பார்சல் கொண்டு போகிறார். இந்த வேலைக்கு வரமாட்டேன் என்றதில் அவருக்கு வருத்தமில்லை. “வந்திருந்தா நானே திட்டியிருப்பேன்.”

ஒரு ஜோடி போலீஸ் பூட்ஸுக்கு அன்று முழு ஜிப்பும் மாற்ற வேண்டியிருந்தது. கணுக்கால் மடிகிற இடத்தில் பல் இரண்டு போய்விட்டது. அடியில் போயிருந்தால் அந்த இடத்துக்கு மேலே குறுக்கே தைத்து ஒப்பேற்றிவிடலாம். நடுவில் போனால் வேறு வழியில்லை. பழைய நூலை ஒவ்வொரு தையலாக அறுத்தார். ஜிப்பின் மேல் முனை தோலுக்கும் லைனிங்குக்கும் நடுவே செருகியிருந்தது. அங்கேதான் அதிக நேரம் பிடித்தது. புது ஜிப்பை சொல்யூஷன் தடவி ஒட்டி நிறுத்தினார். மெஷினில் ஊசிக்குக் கீழே மெலிந்து நீண்ட ஓர் இரும்புக் கை இருக்கிறது. பூட்ஸுக்குள் நுழைவது அது. தையல் பழைய ஓட்டைகளிலேயே விழ வேண்டும். துணியில் ஊசி போன தடம் மறைந்துவிடும், தோலில் மறையாது. பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை குத்தினால் தபால்தலைத் தாள்போல அந்தக் கோட்டில் கிழிந்துவிடும். சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஓட்டை தேடித் தேடித் தைத்தார். ஜோடி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கூலி 350 ரூபாய்.

இதே வேலையைக் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் கொடுத்தால் 700 ரூபாய் கேட்பார்கள். ரசீது தருவார்கள், நாலு நாள் கழித்து வரச் சொல்வார்கள். மாலையில் ஒரு பையன் அந்த பூட்ஸை இதே நடைபாதைக்குத்தான் கொண்டுவருவான். பாய்க்கு 250 கிடைக்கும். ஊசி பிடிக்காதவருக்கு 450. குளிரூட்டிய அறைக்கும் ரசீதுக்கும் பாதிக்கு மேல் கொடுக்கத் தயங்காதவர்கள், நடைபாதையில் உட்கார்ந்தவரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவது எந்த ஊர் நியாயம்?

இடைத்தரகரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஜிப்பின் இரு முனையையும் மடிப்புக்குள் புதைத்துத் தைப்பவர்கள், ரன்னரை மாற்ற வழியே வைப்பதில்லை. சில ரூபாய் ரன்னருக்காக 2,000 ரூபாய்ப் பை குப்பைக்குப் போகிறது. அடுத்த பை விற்கிறது. அரசின் உதவியும் கோணலாகவே வந்து சேர்கிறது. தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி திட்டத்தில் செருப்பு தைப்பவர்களும் அடக்கம். பாய் முதல் தவணைக் கடன் 10,000 ரூபாய் வாங்கி, ஜிப் ரோல் வாங்கிப் போட்டார். “ரோல் வாங்கிட்டா ரோலைத் தள்ளணுமே சார். தவணை கட்டணும்ல? நல்ல ஜிப்பையும் மாத்தச் சொல்லுது மனசு” என்றார். சரக்குக்குக் கடன் கிடைக்கிறது. சரக்கே தேவைப்படாத கைவேலைக்கு யாரும் எதுவும் தருவதில்லை. பழுது பார்ப்பதன் உச்சமே எதையும் விற்காமல் தீர்ப்பதுதான் என்னும்போது, உச்சத்தைத் தொடுகிறவருக்கு வருமானம் பூஜ்யம்.

பை வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ரன்னரின் முதுகில் எண் இருக்கிறதா, ஜிப்பின் முனை கைக்கு எட்டுகிறதா, வளைவுகளில் ரன்னர் தயங்காமல் திரும்புகிறதா என்று பார்க்கச் சொன்னார். பரணில் கிடந்த பையின் உலோக ஜிப் இறுகியிருந்தால் மெழுகுவர்த்தியைத் தேய்க்கலாம். தேங்காய் எண்ணெய் கூடாது. தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் கிளம்பும் நேரத்தில் ஒரு கல்லூரிப் பெண் தோள்பையைக் கொண்டுவந்தாள். “புது ஜிப் போட்டுடுங்க பாய், எவ்ளோ ஆகும்?”

“புதுசு வேணாம்மா. ரன்னர்தான் லூஸ். 30 ரூபா குடு.”

குறட்டால் இரண்டு அமுக்கு. இழுத்துக் காட்டினார், மூடியது.

“இதுக்குப் போய் 30-ஆ? ரெண்டு நிமிஷம்கூட ஆகலையே!” என்று 20 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போனாள். பாய் வாங்கி வைத்துக்கொண்டார். புது ஜிப்புக்கு 200 கேட்டிருந்தால் பேரம் பேசாமல் கொடுத்திருப்பாள்.