ஏரிகளின் மாநிலம் – 5: கயாக்குக்கேற்ற நீர்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 உள்ளன. மில் லாக்ஸ், லீச் போன்ற பேரேரிகள் மோட்டார் படகுக்காரர்களின் ராஜ்ஜியம். அங்கே நடு ஏரியில் காற்று எழுந்துவிட்டால் துடுப்புப் போடுகிறவர் கரை சேர்வதே பெரும்பாடு. கயாக்கில் தூண்டில் போடுகிறவருக்கு வாய்த்தவை, ட்ரெய்லரைப் பின்னால் தள்ளிப் படகை இறக்கச் சரிவுகூட இல்லாத சிற்றேரிகளும் அவற்றைக் கோக்கும் ஓடைகளும்தான்.

மினியாபொலிஸிலிருந்து 10ஆம் எண் நெடுஞ்சாலையில் வடமேற்காகப் போய், லிட்டில் ஃபால்ஸ் அருகே 371இல் திரும்பினால் பிரெய்னெர்டு. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பயணம். ஊர் நெருங்க நெருங்க, சாலையின் இருபுறமும் பைன் மரங்களுக்கிடையே தண்ணீர் பளபளக்கும். பனியுகத்தின் முடிவில் மணலுக்கும் சரளைக்கும் அடியில் புதைந்துபோன பனிப்பாளங்கள் உருகி விட்டுச்சென்ற குழிகளே இந்த ஏரிகளில் பல. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்றில் மீன் குவிந்திருக்கும், அடுத்ததில் பெயருக்குக்கூட இருக்காது.

இந்த வேறுபாட்டுக்கு முதல் காரணம் குளிர்காலம். ஏரி உறைந்து, மேலே வெண்பனியும் மூடிக்கொண்டால் உள்ளே வெளிச்சம் போகாது. நீர்த்தாவரங்கள் ஆக்ஸிஜன் தருவது நின்றுவிடும். அடியில் அழுகும் இலைதழையோ இருக்கும் ஆக்ஸிஜனையும் தின்றுகொண்டே இருக்கும். ஆழமில்லாத ஏரியில் மார்ச் மாதத்துக்குள் கையிருப்பு தீர்ந்து மீன்கள் செத்து மிதக்கும். முதலில் சாவது லார்ஜ்மவுத் பாஸும் புளூகில்லும். பைக், மஞ்சள் பெர்ச், புல்ஹெட் கெளுத்தி ஆகியவை ஓரளவு தாக்குப்பிடிக்கும். தூண்டிலில் புல்ஹெட்டாகவே ஏறுகிற சிற்றேரி அண்மையில் அப்படியொரு சாவைக் கண்டிருக்கக்கூடும். ஆகவே ஒரு சிற்றேரியைப் பற்றிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி, அது குளிர்காலத்தைத் தாண்டுமா என்பதே. எங்காவது 20, 25 அடிக்குக் குறையாத கசம் இருந்தாலோ, ஓடை ஒன்று ஆண்டு முழுவதும் நீர் கொண்டுவந்தாலோ நம்பிப் போகலாம்.

இதை வீட்டில் உட்கார்ந்தே அறிய முடியும். மாநில இயற்கை வளத்துறையின் ‘லேக்ஃபைண்டர்’ தளத்தில் ஏரியின் பெயரை இட்டால் பரப்பு, அதிகபட்ச ஆழம், நீரின் தெளிவு, விடப்பட்ட குஞ்சுகளின் கணக்கு, வலைபோட்டு எடுத்த மீன் கணக்கெடுப்பு எல்லாம் வரும். பல ஏரிகளுக்கு ஆழக்கோட்டு வரைபடமும் உண்டு. இதைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செவுள்வலையில் பாஸ் அதிகம் சிக்காது. அதனால் பாஸ் எண்ணிக்கை குறைவு என்று பார்த்தவுடன் ஏரியைத் தள்ளிவிடக் கூடாது. வசந்தத்தில் மின்சாரம் பாய்ச்சி எடுத்த கணக்கு இருந்தால் அதையே நம்பவேண்டும். மொத்த எண்ணிக்கையைவிட நீள அட்டவணைதான் முக்கியம். புளூகில் எல்லாம் ஐந்து அங்குலத்தோடு நின்றிருந்தால் அது குட்டை மீன்களின் ஏரி. எண்ணிக்கை எத்தனை ஆயிரமானாலும் போய்வரும் பெட்ரோலுக்குத் தகாது.

அடுத்தது வழி. செயற்கைக்கோள் படத்தில் சாலை ஏரியைத் தொடும் இடம், அரசு நிலம் கரையைத் தொடும் இடம், கயாக்கைத் தோளில் சுமந்து இறக்கும் துறை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். நடை நீள நீளப் போட்டி குறையும். ஆனால் ஏரி பொதுச்சொத்து என்பதால் கரையும் பொது என்றாகிவிடாது. தனியார் நிலத்தைக் கடக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். கதவைத் தட்டிக் கேட்டால் பலர் சம்மதிப்பார்கள்.

பிரெய்னெர்டுக்கு வடகிழக்கே கயூனா பகுதியில் வேறுவகை நீர்நிலைகள் உண்டு. இரும்புத்தாது எடுத்து முடித்த சுரங்கக் குழிகளில் நிலத்தடி நீர் ஊறி ஏரிகளாகிவிட்டன. செங்குத்துக் கரை, கண்ணாடித் தண்ணீர், பார்ப்பதற்கு அத்தனை அழகு. ஆனால் ஆழமில்லாத ஓரம் குறைவு, சத்தும் குறைவு. எனவே மீன் உற்பத்தியும் குறைவு. அங்கே கிடைக்கும் டிரவுட் பெரும்பாலும் இயற்கை வளத்துறையினர் கொண்டுவந்து விடுவது. கயாக் ஓட்டிப் பார்க்கக் கயூனா போகலாம்; சட்டிக்கு மீன் வேண்டுமென்றால் பக்கத்திலுள்ள பழுப்புத் தண்ணீர் ஏரியே மேல்.

ஓடைகளின் கணக்கு வேறு. மினியாபொலிஸுக்கு வடக்கே அனோகா மாவட்டத்தில் ரைஸ் கிரீக் பல ஏரிகளைச் சரடுபோலக் கோத்து ஓடுகிறது. இப்படிப்பட்ட ஓடையில் எல்லா இடத்திலும் மீன் நிற்பதில்லை. வளைவின் வெளிப்பக்கத்து மடு, பீவர் கட்டிய அணைக்கு மேலுள்ள தேக்கம், சாலைக்கு அடியில் குழாய் வாய் திறக்குமிடம், ஓடை ஏரியில் கலக்கும் முகத்துவாரம் ஆகியவையே பார்க்கவேண்டியவை. பனி உடைந்ததும் பைக் முட்டையிட ஓடை வழியே சதுப்புகளுக்கு ஏறும். சக்கர் மீனும் மேலேறும். மே மாதத்தில் பைக் பிடிக்கும் பருவம் திறக்கும்போது முகத்துவாரத்தை முதலில் பார்ப்பது அதனால்தான். நீர்மட்டத்தையும் கவனிக்கவேண்டும். நல்ல மழைக்கு மறுநாள் மிதந்து போன ஓடையில் ஆகஸ்ட்டில் கயாக்கை இழுத்துக்கொண்டு நடக்க நேரும்.

ஏரிக்குள் இறங்கியபின் பருவம் வழிகாட்டும். வசந்தத்தில் வெயில் நேராக விழும் வடகரையின் கருஞ்சேற்று விரிகுடாக்கள் முதலில் சூடேறும். கிராப்பி மீன்கள் அங்கேதான் கூடும். மே இறுதியிலும் ஜூனிலும் இடுப்பளவுத் தண்ணீரின் சரளைத் தரையில் தட்டுத்தட்டாக வெளிறிய குழிகள் தெரியும். அவை புளூகில் கூடுகள். ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஆண்மீன் வாலால் விசிறியபடி, நெருங்கும் எதையும் முட்டித் துரத்திக்கொண்டு நிற்கும். துண்டுப் புழுவை விட்டால் உடனே கவ்வும். மீன் பிடிக்க இதைவிடச் சுலபமான இடம் கிடையாது, அதுதான் ஆபத்தும். பெரிய ஆண்களைத் தொடர்ந்து அள்ளினால் சிறிய ஆண்கள் சீக்கிரமே முதிர்ந்து, வளராமல் நின்றுவிடும். சிற்றேரி ஒன்றைக் குட்டை மீன் ஏரியாக்க ஒருசில வாரங்களின் பேராசை போதும். சில ஏரிகளில் புளூகில் வரம்பை நாளொன்றுக்கு 5 அல்லது 10 என்று அரசு குறைத்திருப்பது இதனால்தான்.

கோடையில் பாஸைத் தேடவேண்டிய இடம், நீர்த்தாவரக் கூட்டம் முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பு. வளமான ஏரிகளில் அந்த ஆழத்தின் அடிநீரில் ஆக்ஸிஜன் இராது. அங்கே தூண்டிலைத் தொங்கவிடுவது வீண். அல்லி இலைகளுக்கு நடுவே ஓரடித் தண்ணீரில் மோட்டார் படகு நுழைய முடியாது, கயாக் நுழையும். பாஸுக்கு நிழலும் இரையும் அங்கேயே கிடைக்கின்றன. காற்றுள்ள நாளில் முதலில் எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டு, திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரும்படி வைத்துக்கொள்வது நல்லது. ஏப்ரல், மே மாதத் தண்ணீர் உயிரைக் குடிக்கும் குளிர். மிதவைச் சட்டையைக் காலடியில் போட்டு வைப்பதால் பயனில்லை, உடம்பில் போட்டிருக்கவேண்டும்.

மினசோட்டாவில் 10 அடிக்கு மேல் நீளமுள்ள கயாக்குக்குப் பதிவு தேவை. ஏரிக்கு ஏரி மீன் அளவும் வரம்பும் மாறுவதால் அந்த ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டே கிளம்பவேண்டும். ஓர் ஏரியைவிட்டு மற்றொன்றுக்குப் போகுமுன் கயாக்கில் ஒட்டிய பாசியையும் கொடியையும் பிடுங்கிப் போட்டு, அடைப்பானைத் திறந்து தண்ணீரை முழுவதும் வடித்துவிடவேண்டும். வரிக்குதிரைச் சிப்பி போன்ற அயல் உயிரினங்கள் பரவாதிருக்க இது அங்கே சட்டம்.