உள்ளங்காலுக்கும் தரைக்கும் நடுவே

ஓடுவதற்கான காலணியைப் பற்றி ஒரு கவிதைப் பத்திரிகையில் எழுதுவது அசட்டுத்தனமாகப் படலாம். ஆனால் 'குறைப்பது' என்ற காரியத்தைப் பற்றி நாம் கவிதையில் நிறையவே பேசியாகிவிட்டது. காலில் அது என்ன ஆகிறது என்று பார்ப்பதில் தவறில்லை.

சாதாரண ஓட்டக் காலணியில் குதிகால் பக்கம் முன்பாதத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். 'மினிமலிஸ்ட்' என்று விற்கப்படுகிறவற்றில் இந்த வித்தியாசம் சூன்யம், அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். அடி மெல்லிசு, கையால் சுருட்டினால் சுருளவேண்டும், விரல்கள் விரிய இடம் வேண்டும். வாங்கும்போது பார்க்கவேண்டியது இவ்வளவே. 2009-இல் கிறிஸ்டோபர் மக்டூகலின் 'பார்ன் டு ரன்' வந்தது. 2010-இல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மனும் அவர் சகாக்களும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், குதிகாலில் இறங்குகிறவர்களுக்கு நேரும் மோதல் அவர்களுக்கு மிகக் குறைவு. அப்புறம் அது ஒரு மதமாகிவிட்டது. ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்துக் காலணி செய்த விப்ரம் கம்பெனி, நிரூபணமில்லாத பலன்களை விளம்பரம் செய்ததாகத் தொடரப்பட்ட வழக்கை, தவறை ஒப்புக்கொள்ளாமலே, 2014-இல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

நான் விடியற்காலையில் செஞ்சிக் கோட்டையை ஒட்டித் திருவண்ணாமலை ரோட்டில் ஓடுகிறவன். சில நாள் ராஜகிரி ஏறுவதுண்டு. சுமார் 800 அடி, கருங்கல் படிகள். தடித்த ரப்பர், படியின் விளிம்பைக் காலுக்குச் சொல்வதில்லை. மெல்லிய அடி சொல்கிறது. கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் அதைக் கேட்டுப் பழக மாதங்கள் பிடிக்கும். முதலில் ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதில் ஓடக்கூடாது. இது வரைக்கும் உடம்பு விவகாரம்.

இதே ரோடு போய்ச் சேருகிற திருவண்ணாமலையில் பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுற்ற ஆயிரக்கணக்கானவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறார்கள். அது பக்தி. ஊர்த்தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும் என்று தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் தலித்துகளுக்கு இருந்த கட்டுப்பாடு வேறு. அது எல்லா இடத்திலும் ஒழிந்துவிட்டதென்று என்னால் சொல்ல முடியாது. செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. வருகிறவர்கள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று பெயர்களைக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். நான்காவதாக ஒரு சின்னக் குன்று உண்டு. அதன் பெயர் சக்கிலிதுர்க்கம். செருப்புத் தைத்த சாதியின் பெயரை வசவாகவே புழங்கி வந்த பாஷையில், அதைச் சொல்ல வாய் தயங்குகிறது. சொல்லாமல் விடுவதும் சரியாகப் படவில்லை.

மக்டூகல் பிரபலப்படுத்திய மெக்ஸிகோவின் ராராமுரி மக்கள் பழைய டயரை வெட்டி வார் கட்டிய செருப்பில் மலை மலையாக ஓடுகிறவர்கள். அந்த வடிவம் இப்போது அமெரிக்காவில் டாலருக்கு விற்கிறது. நம் ஊர் டயர் செருப்புக்கு அது தூரத்துச் சொந்தம். பஸ் ஸ்டாண்டு அருகே செருப்புத் தைக்கிற பெரியவரிடம் ஒரு ஜோடி கேட்டேன்; டயரை மெல்லிசாகச் சீவித் தரவேண்டும் என்றேன்.

"திக்காவே போட்டுத் தரேன் சார். எதுக்கு மெல்லிசு?"

"காலுக்குத் தரை தெரியணும், பெரியவரே."

அவர் சிரிக்கவில்லை. "எங்கப்பாவுக்கு ஆயுசு பூரா தரை தெரிஞ்சுது சார்" என்றார். அப்புறம் உளியை எடுத்துக்கொண்டார்.

இந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்லாமல் மினிமலிஸம் பற்றிப் பேசுவது கஷ்டம் என்று தோன்றுகிறது. எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா 1960-இல் ரோமில் மாரத்தானை வெறுங்காலில் ஓடி ஜெயித்தார். வெறுங்கால்காரர்கள் இன்றும் அவரைத் தங்கள் ஞானியாகக் காட்டுவார்கள். 1964-இல் டோக்கியோவில் அவர் காலணி போட்டுக்கொண்டு ஓடி, இன்னும் மூன்று நிமிஷம் குறைத்து, மறுபடியும் ஜெயித்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ரோமில் கிடைத்த காலணி அவர் காலுக்குச் சரிப்படவில்லை, டோக்கியோவில் சரிப்பட்டது. அவரைப் பொறுத்தவரை கேள்வி காலுக்குச் சேருகிறதா என்பதுதான். வேண்டும், வேண்டாம் என்ற சித்தாந்தம் அல்ல.

கவிதையிலும் இப்படித்தான். குறைத்து எழுதியதையே ஒரு தகுதியாக நாம் பாராட்டிவிடுகிறோம். இருந்ததை விலக்கி வந்த மௌனமும், பேசவே விடப்படாத மௌனமும் பக்கத்தில் ஒரே அளவு வெள்ளையாகத்தான் தெரியும். எது எது என்று கேட்கிற பொறுப்பு விமர்சகனுக்கு உண்டு.

டயர் செருப்பு நன்றாக உழைக்கிறது. வாரம் இரண்டு நாள், மூன்று கிலோமீட்டர், ரோட்டில் மட்டும். ராஜகிரிப் படிகளுக்கு இன்னும் கொஞ்சம் தடித்த அடியைத்தான் போட்டுக்கொள்கிறேன்.