பேனை எழுப்பிய ஒலி

பத்திரிகைத் துறையில் சுமார் நாற்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு, குதிரைகளுடனான உறவு ஏப்ரல் மாதத்து நுவரெலியா பந்தயச் செய்திகளுக்குத் தலைப்பிடுவதோடு நின்றிருந்தது. எந்தக் குதிரை வென்றது, அதன் உரிமையாளர் யார், கிண்ணத்தை வழங்கிய பிரமுகர் யார் என்பவற்றுக்கு அப்பால் அந்த விலங்கைப் பற்றி அறிந்துகொள்ளும் தேவை எனக்கு எழவில்லை. ஓய்வுபெற்ற பின்னர், 2016 ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அது எழுந்தது.

ஆசிரியையான என் மகள் அவ்வேளையில் நுவரெலியாவுக்கு இடமாற்றம் பெற்றிருந்தாள். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக நானும் சில மாதங்கள் அங்கே தங்கியிருந்தேன். ஆறாயிரம் அடிக்கு மேல் உயரத்திலுள்ள அந்த ஊரின் காலைக் குளிரில், 1875 இல் அமைக்கப்பட்ட பந்தயத் திடலின் ஓரமாக நடப்பது எனது வழக்கமாயிற்று. நுவரெலியாவுக்குச் சென்றவர்கள் கண்டிருப்பீர்கள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஒரு சுற்று நடத்திச் செல்வதற்காக, சேணமிட்ட குதிரைகளுடன் இளைஞர்கள் அங்கே காத்து நிற்பார்கள்.

அவர்களுள் ஒருவன் தோட்டத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. வயது இருபத்திரண்டுக்கு மேல் இராது. அவனிடம் ராஜா என்ற பழுப்பு நிற மட்டக்குதிரை இருந்தது. ஏறுவதற்காக ஒருவர் காலை வைத்ததும் அது பக்கவாட்டில் விலகிவிடும். வயிற்றுப் பட்டியை இறுக்கினால் கடிக்கத் திரும்பும். ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த குழந்தையொன்றின் மேலங்கிக் கையைப் பற்களால் இழுத்துவிட்டது. குழந்தையின் தகப்பன் சத்தமிட்டுச் சென்றபின், அந்த இளைஞன் கயிற்று நுனியால் குதிரையின் முகத்தில் மூன்று முறை அடித்தான்.

"அடிக்காதே தம்பி" என்றேன்.

"அடிக்காம எப்படிங்க ஐயா? பயம் இருந்தாத்தானே அடங்கும். சீசனுக்குள்ள இவன் சரியா வரலைன்னா வித்துர வேண்டியதுதான். இவன வாங்கின கடனே இன்னும் முடியல."

அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை. அன்றிரவு, பேராதனையில் கற்று அரசாங்க மிருக வைத்தியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற என் பழைய நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். அந்த வார இறுதியிலேயே அவர் கண்டியிலிருந்து வந்து சேர்ந்தார்.

நண்பர் குதிரையின் குணத்தைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை. வாயைத் திறந்து பற்களைப் பார்த்தார். குளம்புகளைத் தூக்கிப் பார்த்தார். பின்னர் சேணத்தைக் கழற்றச் சொல்லி, முதுகின்மேல் கையை மெதுவாக நகர்த்தினார். தோளுக்கு மேலே, ரோமத்தினுள் மறைந்து, ஐந்து ரூபா நாணயமளவில் ஒரு புண் இருந்தது. ஒவ்வொரு முறை ஆள் ஏறும்போதும் சேணத்தின் முன்பகுதி அந்த இடத்தைத்தான் அழுத்தியிருக்கிறது.

"குதிரை முரண்டு பிடித்தால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். பல்வலி, முதுகுவலி, குளம்புநோய், பொருந்தாத சேணம். இவையெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பழக்கத்தைப் பற்றிப் பேசலாம்" என்றார் நண்பர்.

இளைஞன் தலைகுனிந்து நின்றான். ராஜாவுக்கு ஒரு மாதம் முழு ஓய்வு கொடுத்தான். அந்த மாதத்தில் அவன் மரக்கறித் தோட்டமொன்றில் கூலிவேலை செய்தான் என்பதையும், அந்த வருமானத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சேணத்தின் உட்பஞ்சை மாற்றினான் என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும். புண் ஆறியது. ஆயினும் காலை உயர்த்தியதும் ராஜா விலகும் பழக்கம் மாறவில்லை. வலி போய்விட்டது, வலி வரும் என்ற பயம் எஞ்சியிருந்தது.

அப்போதுதான் நண்பர் 'கிளிக்கர்' பயிற்சியைப் பற்றிச் சொன்னார். விரலால் அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் உள்ளங்கையளவான கருவிதான் கிளிக்கர். விலங்கு சரியானதைச் செய்யும் அதே கணத்தில் அந்த ஒலியை எழுப்ப வேண்டும், உடனே ஒரு துண்டு உணவு கொடுக்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1951 இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்த வழியைப் பொதுமக்களுக்கு விளக்கினார். அவரிடம் பயின்ற பிரெலண்ட் தம்பதியர் அதற்கு முன்பே இதைத் தொழிலாகச் செய்துவந்தார்கள். ஹவாயில் டொல்பின்களை விசில் ஒலியால் பழக்கிய கேரன் பிரையரின் 1984 ஆம் ஆண்டு நூல் இதைப் பரவலாக்கியது. குதிரைகளுக்கென இம்முறையை வகுத்து அலெக்ஸாண்ட்ரா கேர்லண்ட் 1998 இல் ஒரு நூல் எழுதினார்.

"டொல்பினைக் கயிறுகட்டி அடிக்க முடியாது. பிடிக்கவில்லையென்றால் நீந்திப் போய்விடும். அதனால்தான் மனிதன் வேறு வழி தேட வேண்டியிருந்தது" என்று சிரித்தார் நண்பர்.

கருவிக்கு எங்கே போவது என்று கேட்டேன். அவர் என் சட்டைப்பையைச் சுட்டிக்காட்டினார். யோசிக்கும்போது குமிழ்முனைப் பேனையை 'டிக், டிக்' என்று அழுத்திக்கொண்டிருப்பது என்னுடைய பழைய பழக்கம். பேனை கிடைத்துவிட்டது. நுவரெலியாவில் கரட்டுக்கு என்ன குறை? விற்பனைக்கு உதவாதென்று தோட்டத்தில் ஒதுக்கியவற்றை இளைஞன் பை நிறையக் கொண்டுவந்தான். வட்டமாக வெட்டினால் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால் நீளவாக்கில் கீறச் சொன்னார் நண்பர்.

முதல் பாடத்தை வேலிக்கு இப்பால் நின்று நடத்தினோம். கரட் வாசனையை உணர்ந்ததும் ராஜா என் சட்டைப்பையைக் கடித்து இழுக்க முயன்றது. கொடுக்கவுமில்லை, அதட்டவுமில்லை. முதலில் அதன் ஆவேசம் கூடியது. கேட்டது கிடைக்காதபோது விலங்கு மேலும் உரத்துக் கேட்கும், அந்த நேரத்தில் இரங்கிவிட்டால் உரத்துக் கேட்பதையே கற்றுக்கொடுத்ததாகிவிடும் என்று நண்பர் எச்சரித்திருந்தார். சில நிமிடங்களில் சலித்துப்போய் முகத்தை அப்பால் திருப்பியது. டிக். கையை நன்றாக நீட்டி, அதன் முகம் இருக்கும் இடத்திலேயே ஒரு துண்டு. மீண்டும் திருப்பியது. டிக். மூன்றாம் நாள் என்னைக் கண்டதும் முகத்தை நேரே வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றது. கடித்தால் ஒன்றும் வராது, விலகி நின்றால் வரும் என்பதை அடியின்றியே அது விளங்கிக்கொண்டது.

பின்னர் இளைஞனிடம் பேனையைக் கொடுத்தேன். அவன் சேணத்தை நெருங்கும்போது ராஜா அசையாமல் நின்றால் டிக். கையைச் சேணத்தின்மேல் வைத்தால் டிக். பாதத்தை வளையத்தில் வைத்து உடனே எடுத்தால் டிக். ஒரு படி கடினமானால் முந்தைய படிக்குத் திரும்பினோம். தவறுதலாக ஒலித்துவிட்டாலும் கரட் கொடுத்தேயாக வேண்டும் என்பது விதி. ஒலி ஒரு வாக்குறுதி, அதை மீறலாகாது.

எங்களுக்கு மிகக் கடினமாயிருந்தது நேரம்தான். ராஜா நின்றபோது பாராட்டாமல், நின்றுவிட்டு ஓரடி விலகியபின் டிக் என்று அழுத்திவிடுவான் இளைஞன். விலகியதற்கே பரிசு என்று ராஜா எண்ணிக்கொள்ளும். "நீ நினைத்ததற்கு அதற்குக் கூலி கிடைப்பதில்லை தம்பி. நீ அழுத்திய கணத்தில் அது என்ன செய்துகொண்டிருந்ததோ, அதற்குத்தான் கிடைக்கிறது" என்று நண்பர் மறுபடியும் மறுபடியும் சொன்னார்.

இன்னொன்றையும் கவனித்தோம். இளைஞன் பயந்துகொண்டு தோளை இறுக்கினால், கால் தரையிலிருந்து எழுவதற்கு முன்னரே ராஜா நகர்ந்துவிடும். பேர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போடுகிறதென்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் பரபரப்பு எழுந்தது. கேள்வி கேட்பவரின் தலையில் தோன்றும் மிக நுண்ணிய அசைவைப் பார்த்தே அது குளம்பு தட்டுவதை நிறுத்துகிறது என்பதை ஒஸ்கார் ஃபுங்ஸ்ற் என்பவர் 1907 இல் வெளிப்படுத்தினார். ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது, மனிதரைத் தெரியும். ராஜாவும் அப்படித்தான். கோபத்தோடு குதிரையை அணுகாதே என்று கிறிஸ்துவுக்கு நானூறு ஆண்டுகளுக்கு முந்திய கிரேக்கரான செனபன் எழுதிவைத்ததன் காரணம் எனக்கு அப்போது விளங்கியது.

ஏப்ரல் சீசன் வந்தது. முதல் நாள் ஒரு பெரியவர் ஏறும்வரை ராஜா மரம்போல் நின்றது. இளைஞனின் கை நடுங்கியதைப் பார்த்தேன். அந்த வருடம் அவன் அதை விற்கவில்லை. எல்லாம் தீர்ந்துவிட்டதென்று எழுதினால் அது பொய்யாகும். குடையை விரித்தால் ராஜா மிரள்வது கடைசிவரை முழுமையாக நிற்கவில்லை. மழைக்குப் பேர்போன ஊரில் அது சிறிய குறையல்ல.

கொழும்புக்குத் திரும்பிய பின்னரும் பேனையின் ஒலி என்னை விடவில்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் நான் செய்தி ஆசிரியராக இருந்தவேளையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் எங்கள் பிரிவில் சேர்ந்தார். அவர் முதன்முதலில் எழுதித் தந்த விவரணக் கட்டுரையை, ஒப்புநோக்குநர்கள் முதற்கொண்டு அனைவரும் பார்த்திருக்க, சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டு அவருடைய மேசைமேல் எறிந்தேன். எது பிழை என்று சொன்னேன், உரத்தே சொன்னேன். அதன் முதற்பந்தி மிக நன்றாக இருந்தது. வாசித்த கணத்திலேயே அது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. அப்படித்தான் எனக்கும் தொழில் பழக்கினார்கள், அடித்தால்தான் அடங்கும் என்று நானும் நம்பியிருந்தேன். எட்டு மாதங்களில் அவர் விலகி ஒரு வங்கியில் சேர்ந்துவிட்டார். அதன்பின் அவர் எதையும் எழுதியதாக நான் காணவில்லை.

2019 இன் தொடக்கத்தில், கொழும்பில் நடந்த ஒரு நூல் வெளியீட்டு விழாவில் அவரைக் கண்டேன். தலை முழுவதும் நரைத்திருந்தது. தேநீர் வேளையில் அருகில் சென்று, அந்தக் கட்டுரையை நினைவுபடுத்தி, அதன் முதற்பந்தி இன்றும் என் மனதில் நிற்கிறது, அது அருமையான எழுத்து என்று சொன்னேன்.

அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு கோபமில்லாமல் சிரித்தார்.

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அண்ணை."