எல்லாவற்றுக்கும் 'இல்லை'

பெர்ஹெந்தியான் தீவில் ஸ்கூபா முக்குளிப்புக் கற்க ஆசைப்பட்டு, இரண்டு பள்ளிகளுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். முதலில் கட்டணத்தைத்தான் ஒப்பிட்டேன். பிறகு மருத்துவப் படிவம் வந்தது. ஆஸ்துமா இருந்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி. சிறு வயதில் எனக்கு இருந்தது. அம்மா இரவெல்லாம் முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

கட்டணம் குறைந்த பள்ளியிடம் சொன்னேன். "எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடுங்கள்" என்றார்கள். மற்றதோ, மருத்துவர் கையெழுத்து இல்லாமல் கடலில் இறக்க மாட்டோம் என்றது. எரிச்சலாகத்தான் இருந்தது.

மருத்துவர் விளக்கினார். 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த மூச்சு, மேலே வருவதற்குள் இரு மடங்காக விரியும். மூச்சுக்குழாய் சுருங்கி அது வெளியேற வழியில்லாவிட்டால் நுரையீரலே கிழியலாம். மூச்சுப் பரிசோதனை செய்த பிறகே கையெழுத்திட்டார்.

எரிச்சலூட்டிய பள்ளியிலேயே சேர்ந்தேன். ஒரு பயிற்றுநருக்கு நாங்கள் நால்வர். 200 மீட்டர் நீச்சல், ஆழமில்லாத நீரில் பயிற்சி, பிறகு கடலில் நான்கு முறை முக்குளிப்பு. இரண்டாம் முறை இறங்கும்போது காது வலித்தது. வானொலிக்காரருக்குக் காதுதானே சோறு போடுகிறது! சைகை காட்டினேன். பயிற்றுநர் என்னைச் சற்று மேலே அழைத்துவந்து, வலி போகும்வரை காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

18 மீட்டர் வரை இறங்கத் தகுதிச் சான்றிதழ் கிடைத்ததும் அம்மாவை அழைத்தேன். ஆமையைப் பார்த்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"படிவத்துல உண்மையத்தானே எழுதின?" என்றார்.

"ஆமாம்மா."