தொகை என்றால் கூட்டல்தான்

இன்டக்ரலுக்குத் தமிழில் ‘தொகை’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. 1675-இல் லைப்னிட்ஸ் அந்தக் குறியை எழுதியபோது அவர் மனதில் இருந்ததும் அதுதான். லத்தீனில் ‘சும்மா’ என்றால் கூட்டுத்தொகை (நம்ம ஊர் சும்மா இல்லை). அந்தச் சொல்லின் முதல் எழுத்தான எஸ்-ஐ மேலும் கீழும் இழுத்து நீட்டினால் இன்டக்ரல் குறி வந்துவிடும்.

ஆனால் பிளஸ் டூ படிக்கும் என் பேத்தியிடம் இன்டக்ரல் என்றால் என்னவென்று கேட்டால், “டிஃபரன்ஸியேஷனைத் திருப்பிப் போடறது தாத்தா” என்கிறாள். கணக்கு கொடுத்தால் மளமளவென்று போடுகிறாள். எக்ஸ் ஸ்கொயருக்கு 0 முதல் 1 வரை விடை மூன்றில் ஒன்று. சரி, எதில் மூன்றில் ஒன்று? பதில் இல்லை.

புதுச்சேரியில் நாங்கள் பிரெஞ்சில் படித்தபோது இரண்டுக்கும் இரண்டு பெயர். திருப்பிப் போடுவது ‘ப்ரிமிதீவ்’. கூட்டுவது ‘அந்தெக்ரால்’. இங்கிலீஷ் புத்தகத்தில் இரண்டுக்கும் இன்டக்ரல் என்றே பெயர் வைத்து, டெஃபினிட், இன்டெஃபினிட் என்று அடைமொழி மட்டும் மாற்றுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

அவளுக்கு நான் வாய்க்கால் கணக்கைச் சொன்னேன். எம்.புக் கணக்கைச் சரிபார்ப்பது அந்தக் காலத்தில் என் மேசை வேலைகளில் ஒன்று. வாய்க்கால் வெட்டினால் வெட்டிய மண்ணுக்குப் பணம். மண் எவ்வளவு என்று எப்படித் தெரியும்? பத்து மீட்டருக்கு ஒரு இடத்தில் குறுக்குவெட்டின் பரப்பை எடுப்பார்கள். உதாரணத்துக்கு 4, 7, 6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரண்டின் சராசரியைப் பத்தால் பெருக்கினால் 55, 65. மொத்தம் 120 கன மீட்டர். இன்டக்ரல் என்பது இவ்வளவுதான். பத்து மீட்டருக்குப் பதில் ஒரு மீட்டர், ஒரு சென்டிமீட்டர் என்று இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனால், கூட்டுத்தொகை எந்த எண்ணை நெருங்குகிறதோ அதுதான் விடை.

எக்ஸ் ஸ்கொயரையும் அப்படிக் கூட்டச் சொன்னேன். 0 முதல் 1 வரை பத்துப் பட்டை. உயரத்தைப் பட்டையின் இடது ஓரத்தில் எடுத்தால் 0.285, வலது ஓரத்தில் எடுத்தால் 0.385. நூறு பட்டை போட்டால் 0.32835, 0.33835. மூன்றில் ஒன்று இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அது வளைகோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு என்பது அப்போதுதான் அவள் முகத்தில் தெரிந்தது.

“அப்ப ஃபார்முலா ஏன் தாத்தா சரியா வருது?” என்றாள். நல்ல கேள்வி. மறுபடி வாய்க்காலுக்கே போனோம். வெட்டிக்கொண்டே நகரும்போது கரையில் மண் குவிகிறது. இன்னும் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் எவ்வளவு மண் கூடும்? அந்த இடத்துக் குறுக்குவெட்டுப் பரப்பு பெருக்கல் ஒரு சென்டிமீட்டர். அதாவது குவியல் வளரும் வேகம்தான் குறுக்குவெட்டுப் பரப்பு. ஆகவே பரப்பு தெரிந்தால், அதையே வளரும் வேகமாகக் கொண்ட குவியலைத் தேடினால் போதும்; ஒவ்வொரு பட்டையாகக் கூட்ட வேண்டாம். ப்ரிமிதீவ் என்பது இந்தக் குறுக்கு வழி. கடைசியில் போடும் ‘பிளஸ் சி’? வேலை தொடங்கும் முன்பே கரையில் கிடந்த பழைய மண். கடைசிக் குவியலிலிருந்து முதல் குவியலைக் கழிக்கும்போது அது தானாக அடிபட்டுப் போகும்.

குறுக்கு வழி எல்லா இடத்துக்கும் கிடையாது. ஈ-யின் அடுக்கில் மைனஸ் எக்ஸ் ஸ்கொயர் என்று ஒன்று உண்டு, புள்ளியியலில் வரும் மணி வடிவக் கோடு. நமக்குத் தெரிந்த சாதாரணச் சார்புகளைக் கொண்டு அதற்கு ப்ரிமிதீவ் எழுதவே முடியாது. இதை நிரூபிக்கும் வழியைப் பிரெஞ்சுக்காரர் லியூவில் 1830-களில் காட்டிவிட்டார். பரப்பு மட்டும் இருக்கத்தான் செய்கிறது.

அதற்கும் எம்.புக் வழிதான். இரு முனைகளை ஒரு முறை, நடுவை நான்கு முறை கூட்டி, ஆறால் வகுத்து, நீளத்தால் பெருக்குவது. வாய்க்காலுக்கு இதைப் போட்டால் 120-க்குப் பதில் 126.67 வரும், எந்த முறை என்று முதலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால் காண்ட்ராக்டருக்கும் ஓவர்சியருக்கும் அங்கேயே சண்டை. மணிக்கோட்டுக்கு 0 முதல் 1 வரை உயரங்கள் 1, 0.7788, 0.3679. பேத்தி பேப்பர் ஓரத்தில் கூட்டி 0.7472 என்றாள். உண்மை விடை 0.7468. மூன்றே மூன்று உயரங்களுக்கு இவ்வளவு நெருக்கமா என்று சந்தேகப்பட்டு, பட்டைகளை இரட்டிப்பாக்கி மறுபடி கூட்ட உட்கார்ந்துவிட்டாள்.