மரைப் பொருத்தம்

பொருத்தம் என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம்மவர்க்குத் திருமணமே நினைவுக்கு வரும். தினம், கணம், யோனி, ரச்சு என்று பத்தையும் வரிசையாகப் பார்த்து, இரண்டொன்று குறைந்தாலும் பெண்ணின் குணத்தையும் பிள்ளையின் உத்தியோகத்தையும் கருதிப் பெரியவர்கள் விட்டுக்கொடுத்து மனையில் அமர்த்துவதை நாம் எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம். விட்டுக்கொடுத்தல் என்பதையே அறியாத பொருத்தமும் ஒன்று உண்டு. அதுதான் மரைப் பொருத்தம். பாடநூல்கள் இதனைப் புரி என்று எழுதும்; பட்டறைகள் மரை என்றே சொல்லும். பட்டறையின் சொல்லையே நாமும் கையாள்வோம். மலருக்கு இலக்கியக் கட்டுரை வேண்டிய அன்பர்கள், பித்தளைத் துண்டு ஒன்றைப் பற்றி நாம் எழுதப் புகுவதைப் பொறுத்தருள வேண்டும்.

நம் மாமனார் விட்டுச் சென்ற கார் ஒன்று பெங்களூரில் மைத்துனர் வீட்டில் இருக்கிறது. அதன் பெயரைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆங்கிலேயர் வரைந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு இந்நாட்டில் நெடுங்காலம் செய்யப்பட்ட வண்டி என்றால் வாசகர் ஊகித்துக்கொள்வர். அகன்ற கதவும் நாற்காலியின் உயரத்தில் இருக்கையும் உடையது. வாரம் இருமுறை, விடியற்காலை ஐந்தரை மணிக்கு, நம் மாமியாரைச் சிறுநீரகச் சுத்திகரிப்புக்கு மருத்துவமனை அழைத்துச் செல்வது அந்த வண்டிதான். இக்காலத்துச் சிறிய வாடகைக் கார்களில் குனிந்து நுழைந்து முழங்காலை மடக்கி அமர அவரால் இயலாது. ஆட்டோவின் குலுக்கல் அதைவிடத் துன்பம். "அப்பா வண்டியே போதும், மாப்பிள்ளை" என்பார். இறந்துபோன கணவரைப் பிள்ளைகள் வாயால் அப்பா என்று சொல்லும் வழக்கம் அவருடையது.

சென்ற ஆண்டுக் கோடையில் நீர்க்குழாய் வெடித்து, இயந்திரம் கொதித்து, தலைப்பகுதியின் கேஸ்கெட் எரிந்துபோயிற்று. பழுது பார்த்த மெக்கானிக், இன்னொரு முறை இப்படிக் கொதித்தால் வார்ப்பிரும்புத் தலை கோணிவிடும், அதற்கு மாற்றுக் கிடைப்பது அரிது என்று சொல்லி அனுப்பினார். ஓட்டுநரின் கண்முன்னே வெப்பம் காட்டும் முள்ளோ பல்லாண்டுகளாகச் செத்துக் கிடந்தது. அதனை உயிர்ப்பிக்கும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவனுக்குச் சனிக்கிழமைகள் ஓய்வு என்பதே அதற்குக் காரணம். வேறு தகுதி ஒன்றும் இல்லை.

இயந்திரத்தின் தலையில், குளிர்நீர் சூடேறி வெளியேறும் வழியில் ஒரு துளை இருக்கும். அதில் திருகப்பட்ட சென்சாரின் நுனி நீருக்குள் மூழ்கியிருக்கும். அதனுள் உள்ள சிறு பொருளின் மின்தடை, வெப்பம் ஏற ஏறக் குறையும். தடை குறைந்தால் மின்னோட்டம் மிகும், முள் நகரும். கதை இவ்வளவுதான். ஆனால் ஒரு கடிகையின் முள்ளுக்கு ஏற்ற சென்சார் வேறொரு கடிகைக்கு ஏற்காது. இரண்டுக்கும் தடைக்கணக்கு ஒத்திருக்க வேண்டும். பழைய கடிகையும் போய், பழைய சென்சாரும் போய்விட்ட நிலையில், இரண்டையும் சேர்த்து விற்கும் புதிய தொகுப்பை வாங்குவதே அறிவுடைமை. ஜே.சி. சாலையில் உதிரிப்பாகக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. கடிகை எளிதில் கிடைத்தது.

அதனுடன் வந்த சென்சாரின் மரைக்கு 'ஒன்றெட்டு என்.பி.டி.' என்று பெயர். ஒன்றெட்டு என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் வெர்னியர் வைத்து அளந்தால் பத்து மில்லிமீட்டர் இருக்கிறது. குழாய் மரைகளுக்குப் பெயரிட்டவர்கள் குழாயின் உள்வாயைக் கருதிப் பெயரிட்டார்கள். பின்னர் குழாயின் கனம் மாறியது, பெயர் மாறவில்லை. அடிப்படைச் சம்பளம் என்ற பெயருக்கும் மாதக் கடைசியில் கைக்கு வரும் தொகைக்கும் உள்ள உறவை அறிந்த நமக்கு இது வியப்பளிக்கவில்லை. இயந்திரத்தின் துளையோ ஏறக்குறைய பதினாறு மில்லிமீட்டர். ஆகவே வெளிப்புறம் பெரிய மரையும் உட்புறம் சிறிய மரையுமாக இடையில் நிற்கும் ஓர் அடாப்டர் தேவை.

அடாப்டரும் கடையில் இருந்தது. பதினாறு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மெட்ரிக் மரை. மெக்கானிக் கையால் திருகினார். இரண்டு சுற்று இனிதாகச் சென்றது. மூன்றாம் சுற்றில் நின்றது. நம் அலுவலகத்தில் சில கோப்புகள் இப்படித்தான், இரண்டு மேசைகளைத் தாண்டி மூன்றாவதில் அமர்ந்துவிடும். "ஸ்பானர் போட்டா ஏறிடும் சார்" என்றார் மெக்கானிக். வேண்டாம் என்று தடுத்தோம். பித்தளை மென்மையானது, வலிந்து திருகினால் ஏறத்தான் செய்யும். ஏறியது போலத் தோன்றி, குளிர்ந்திருக்கும்போது ஒழுகாமல் நின்று, நீர் சூடேறி அழுத்தம் மிகுந்தபின் நடுச்சாலையில் கக்கிவிடும். வண்டியின் பின்னிருக்கையில் யார் அமர்ந்திருப்பார் என்பது நமக்குத் தெரியும்.

இரண்டாம் சனிக்கிழமை, பழைய சென்சாரைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினோம். வெர்னியரில் அதன் விட்டம் 15.8 மில்லிமீட்டர். கடையில் இருந்த மெட்ரிக் அடாப்டரோ 15.9. இவ்விரண்டுக்கும் வேற்றுமை ஒரு தலைமயிரின் கனம். விட்டத்தை மட்டும் பார்த்துப் பொருள் வாங்குவோர் ஏமாறுவது இவ்விடத்தில்தான். மரையின் குலத்தைக் காட்டுவது விட்டமன்று, இடைவெளி. அதனை அளக்க மரை கேஜ் என்று ஒன்று உண்டு. விசிறி போல விரியும் மெல்லிய தகடுகள், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஓர் அளவுப் பற்கள். ஒன்றரை என்று பொறித்த தகட்டைச் சென்சாரின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், முதல் மூன்று பற்கள் படிந்து, பிறகு சந்து தெரிந்தது. அங்குலத்துக்குப் பதினெட்டு என்னும் தகட்டை வைத்தோம். நூல் நுழைய இடமின்றிப் படிந்தது. கணக்கிட்டால் அதன் இடைவெளி 1.41 மில்லிமீட்டர். ஒரு மரைக்கு ஒன்பது நூற்றில் ஒரு பங்கு வேற்றுமை பெரிதன்று. பத்து மரைக்குள் அது கூடிக்கூடி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டராகிவிடுகிறது. மூன்றாம் சுற்றில் நின்றதன் காரணம் விளங்கிற்று. அது ஐந்தெட்டு யு.என்.எஃப். என்னும் மரை.

இந்த மூன்றெழுத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பட்டறைக்கு ஒரு மரை இருந்தது. ஜோசப் விட்வொர்த் என்பவர் பல பட்டறைகளிலிருந்து திருகுகளைத் திரட்டி, அவற்றின் சராசரியைக் கண்டு, 55 பாகைக் கோணம் கொண்ட பொது மரை ஒன்றை 1841-இல் முன்மொழிந்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 பாகையே செய்வதற்கு எளிது என்று வேறொன்றை வகுத்தார். இரு நாடும் தத்தம் மரையோடு வாழ்ந்தன. ஒரே நாட்டுக்குள்ளும் ஊருக்கு ஊர் வேறுபாடு தீரவில்லை. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தபோது, வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. அவர்களுடைய குழாய்களின் முனைகள் அவ்வூர் நீர்வாய்களில் பொருந்தவில்லை. உதவ வந்தவர் பலர் கையில் குழாயோடு நிற்க, ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. இரண்டாம் உலகப் போரில், ரோல்ஸ் ராய்ஸின் மெர்லின் விமான இயந்திரத்தை அமெரிக்காவில் செய்ய முற்பட்ட பாக்கார்டு நிறுவனம், ஆங்கில மரைகளை வெட்டும் கருவிகளையே தானாகச் செய்துகொள்ள நேர்ந்தது. போர் முடிந்தபின் 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கூடி ஒரே மரைக்கு உடன்பட்டன. அதன் நுண்வகைதான் யு.என்.எஃப். ஐம்பதுகளில் ஆங்கிலேயர் வரைந்த கார்களில் அது புகுந்தது. அவ்வரைபடங்களோடு கடல் கடந்து நம் நாட்டுக்கும் வந்தது.

நாமோ 1956-இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் செய்துகொண்டோம். அடுத்த ஆண்டே நயாபைசா வந்தது. அணாவைத் தாத்தாவோடு புதைத்துவிட்ட நாடு இது. ஆயினும் இரும்பு வார்ப்பில் வெட்டிய மரையை எந்தச் சட்டமும் மாற்றுவதில்லை. உடன்படிக்கையின் பயனைப் பாராட்டும் நாம் இதையும் சொல்ல வேண்டும்: யு.என்.எஃப். மரையும் மெட்ரிக் மரையும் 60 பாகைக் கோணத்தையே உடையவை. ஒற்றுமை அவ்வளவு தூரம் வந்துவிட்டதே குழப்பத்துக்கு வித்து. 55 பாகை விட்வொர்த்தாக இருந்திருந்தால், கண்ணுக்கே ஓரளவு தெரிந்திருக்கும்.

கடைக்காரர்களுள் ஒருவர், துளையையே மெட்ரிக் மரைக்கு மீண்டும் டேப்பு போட்டுவிடலாம் என்று யோசனை சொன்னார். செய்யலாம்தான். இரும்புத் துகள் நீர்ப்பாதைக்குள் விழும். பழைய மரையின் பாதி சிதையும். ஒருமுறை வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அரை நாள் தேடல் மிச்சப்படும் என்பதற்காக மாற்று இல்லாத தலையை வெட்டுவது நமக்குச் சம்மதமாயில்லை.

மூன்றாம் சனிக்கிழமை மைத்துனர், "அத்தான், பீன்யாவில் ஒரு கடைசல் பட்டறை இருக்கிறதாம், பழைய ஆள்" என்று அழைத்துச் சென்றார். வட ஆர்க்காட்டிலிருந்து இளமையில் வந்து குடியேறிய பெரியவர். பழைய சென்சாரை வாங்கி, கேஜ் எதுவும் இல்லாமல் நகத்தால் மரையை வருடிப் பார்த்து, "பதினெட்டு" என்றார். நாம் ஒரு வாரம் அலைந்து கண்ட விடை!

அவருடைய லேத்து பழமையானது. அதன் நீளத்திருகு அங்குலக் கணக்கில் வெட்டப்பட்டது. "இதுல பதினெட்டு வெட்டறது சுலுவு சார். மில்லிமீட்டர் மெசின்னா நூத்திருபத்தேழு பல் சக்கரம் போடணும்" என்றார். ஏன் அந்த விந்தை எண் என்று கேட்டோம். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், பின்னம் போக ஐந்தால் பெருக்கினால் 127, அதற்குக் குறைந்த முழு எண் கிடையாது என்பதை அவர் சுவரில் கரிக்கட்டியால் எழுதிக் காட்டினார். பி.ஏ. படித்த நமக்கு அந்தச் சுவரில் கிடைத்த கணக்கு எந்த வகுப்பிலும் கிடைத்ததில்லை.

அறுகோணப் பித்தளைக் கம்பியில் ஒரு துண்டு நறுக்கி, வெளியே பதினெட்டு மரை வெட்டினார். ஒரே வெட்டில் அன்று. தோல் உரிப்பது போலச் சிறிது சிறிதாக, எட்டு ஒன்பது தடவை. பழைய தகர டப்பாவிலிருந்து ஐந்தெட்டு நட்டு ஒன்றைத் தேடி எடுத்துத் திருகிப் பார்த்தார். ஆட்டமும் இல்லை, இறுக்கமும் இல்லை. உள்ளே எட்டரை மில்லிமீட்டரில் துளையிட்டு என்.பி.டி. டேப்பு போட்டார். அந்த மரை நேரானதன்று. பதினாறுக்கு ஒன்று என்ற கணக்கில் குவிந்து செல்வது. திருகத் திருகத் தானே இறுகி நீரை அடைக்கும். வெளிமரை நேரானது, அதற்குச் செம்பு வாஷர்தான் அடைப்பு. அடாப்டரை நீளமாகச் செய்யவும் அவர் இசையவில்லை. நீண்டால் சென்சாரின் நுனி பொந்துக்குள் ஒளிந்துகொள்ளும். ஓடும் நீரைத் தொடாது. இயந்திரம் கொதிக்கும்போதும் முள் குளிர்ச்சி என்று பொய் சொல்லும். "பொய் சொல்ற மீட்டருக்கு, மீட்டரே இல்லாம இருக்கலாம் சார்" என்றார்.

டெஃப்லான் டேப்பைச் சுற்றலாமா என்று மைத்துனர் கேட்டார். கூடாது என்றார் பெரியவர். ஒற்றைக் கம்பிச் சென்சாருக்கு அதன் உடலே மறுமுனை. உடல் இயந்திரத்தைத் தொட்டால்தான் மின்சுற்று முடியும். கனமாக டேப்பைச் சுற்றினால் தொடர்பு கெட்டு முள் தவறாகக் காட்டும்.

பொருத்துவதற்கு முன் வீட்டில் ஒரு சோதனை செய்தோம். சென்சாரைக் கொதிக்கும் நீரில் தொங்கவிட்டு, அதன் உடலுக்கு ஒரு கம்பியும் தலைக்கு ஒரு கம்பியும் கொடுத்து, கடிகையை பேட்டரியோடு இணைத்தோம். முள் நூற்றைத் தொடவில்லை. மூன்று பாகை போலக் குறைந்தே நின்றது. மைத்துனர் முகம் வாடிற்று. பெங்களூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே இருக்கிறது. இவ்வூரில் தண்ணீர் 97 பாகையிலேயே கொதித்துவிடும். கடிகை உண்மையைத்தான் சொல்லியது. "என் பாத்திரத்தில் எதை வேகவைக்கிறீர்கள்?" என்று மாமியார் உள்ளிருந்து கேட்டார்.

ஞாயிறு காலை, இயந்திரம் நன்கு குளிர்ந்தபின், துளையின் மட்டத்துக்குக் கீழே நீரை வடித்துவிட்டு அடாப்டரைத் திருகினோம். விரலாலேயே கடைசிச் சுற்று வரை சென்று வாஷரில் அமர்ந்தது. ஸ்பானரால் கால் சுற்று. நீர் நிரப்பிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றி ஓடவிட்டபோது, முள் மெல்ல எழுந்து 82-ஐத் தாண்டிச் சிறிது தயங்கி, தெர்மோஸ்டாட் திறந்ததும் ஒரு முடி இறங்கி நின்றது. மரையைச் சுற்றி வெள்ளைத்தாளை ஒற்றிப் பார்த்தோம், ஈரமில்லை.

பெரியவர் ஒன்றுக்குப் பதில் இரண்டாகச் செய்திருந்தார். லேத்தில் சக்கரம் மாட்டும் வேலைதான் பெரிது, மாட்டியபின் இரண்டாவது துண்டுக்கு என்ன செலவு என்றார். இரண்டுக்கும் சேர்த்து வாங்கியது முந்நூற்றைம்பது ரூபாய். அந்த இரண்டாவது, காரின் கையுறைப் பெட்டியில், ஒரு செம்பு வாஷரோடு துணியில் சுற்றிக் கிடக்கிறது. துணியின் மேல் மைத்துனர் பேனாவால் '5/8 - 18' என்று எழுதி வைத்திருக்கிறார்.