எள்ளும் கொள்ளும்

மெலிந்த குதிரை என்றதும் வெகுகாலம் எனக்கு நினைவுக்கு வந்தவை புத்தகங்கள்தான். செர்வான்டிஸின் ரோசினாந்தே (1605). ரஸ்கோல்நிகோவின் கனவில், பாரம் மிகுந்த வண்டியை இழுக்கமாட்டாமல் அடிபட்டே சாகும் பெட்டைக் குதிரை (1866). மகன் செத்த துக்கத்தைக் கேட்க ஆளில்லாமல் குதிரையிடம் சொல்லும் செகாவின் வண்டிக்காரன் (1886). ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. படித்தவனுக்கு இவையெல்லாம் படிமங்கள். ஒன்று லட்சியத்தின் பரிதாபம், ஒன்று வாயில்லா ஜீவனின் வதை, ஒன்று மனிதத் தனிமை. பரீட்சையில் இப்படி எழுதினால் மார்க் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. இந்தக் குதிரைகளுக்கு என்ன தீனி வைத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. செகாவ் விதிவிலக்கு. அவர் டாக்டர். அன்றைய வாடகை ஓட்ஸ் வாங்கப் போதவில்லை, ஆகவே உலர்ந்த புல் மட்டும் என்கிற கணக்கைக் கதைக்குள் வைத்திருக்கிறார். கதையின் துக்கத்தை விமர்சிக்கிற நாம் இந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

என்னை இந்தக் கணக்குக்கு இழுத்து வந்தது 2020. அந்த வருஷம் மார்ச்சிலிருந்து டிசம்பர் நடுப்பகுதிவரை மெரினா பூட்டிக் கிடந்தது. கடற்கரையில் சவாரி விட்டுப் பிழைப்பவர்களில் ஒருவருக்கு எங்கள் கிளையில் கணக்கு. பணம் எடுக்கும் சீட்டை நான்தான் எழுதிக் கொடுப்பது வழக்கம். நான் அவரை 'பாய்' என்பேன். வயதில் மூத்தவர், ஆனாலும் என்னை 'சார்' என்பார். இரண்டு குதிரைகளில் ஒன்றை ஜூலையில் விற்றுவிட்டார். மிஞ்சிய பெட்டையை டிசம்பரில் திருவல்லிக்கேணிச் சந்து ஒன்றில் பார்த்தேன். விலாவை எண்ணலாம். வாலடியில் இரண்டு பக்கமும் குழி. கழுத்து பலகை மாதிரி இருந்தது.

கடற்கரை திறந்த அந்த வாரம் எல்லோருக்கும் கருணை சுரந்தது. ஒருவர் சோறு கொண்டுவந்தார், இன்னொருவர் பன் ரொட்டி. மேன்ஷன் நண்பர் ஒருவர் அரை மூட்டை கொள்ளே வாங்கிவிட்டார். பாய்க்கும் அதுதான் சரி என்று பட்டது. கொள்ளை ஊறவைத்து வாளி நிறைய வைத்தால் பத்து நாளில் ஏறிவிடும், பொங்கலுக்குச் சவாரி விடலாம். அதற்குமுன் ஒருதரம் காட்டிவிடலாம் என்று வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா கொள்ளைத் தொடவே கூடாது என்றார். "பசி ஆத்தறது வேற பாய், உடம்பைத் தேத்தறது வேற."

காரணத்தை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். குதிரையின் இரைப்பை உடம்பின் அளவுக்குச் சிறியது. நாளில் பெரும்பகுதி மேய்ந்துகொண்டே இருப்பதற்காக ஏற்பட்ட பிராணி அது. புல்லின் நாரைச் செரிப்பது பின்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். தானியத்தை ஒரேயடியாகக் கொட்டினால் சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவுச்சத்து பின்குடலுக்குப் போய்ப் புளிக்கிறது. வயிற்றுவலி வருகிறது. குளம்பின் ஓட்டையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் சதை வெந்துபோய், குதிரை நிற்கவே முடியாமல் ஆகிறது. இது எந்தக் குதிரைக்கும் பொது. பட்டினி கிடந்ததற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மாவுச்சத்து திடீரென்று சேர்ந்தால் இன்சுலின் பொங்குகிறது. ரத்தத்தில் ஏற்கெனவே குறைந்திருக்கும் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டுவிடுகின்றன. சில நாட்களுக்குள் இருதயமோ மூச்சோ நின்றுவிடலாம். 1945இல் சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்ட மனிதர்களுக்கும் இதுதான் நேர்ந்தது. பட்டினியைத் தாண்டியவர்களில் பலர் சாப்பாட்டைத் தாண்டவில்லை.

பாயின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "கொள்ளு துன்னாத்தான் தெம்பு வரும். வெறும் புல்லுல இன்னா வரப்போவுது?" என்று வெளியே வந்து என்னிடம் பொரிந்தார். பரம்பரையாகக் குதிரை வளர்த்தவரின் நியாயமான கோபம் அது. வேலை செய்கிற குதிரைக்குக் கொள்ளு நல்ல தீனிதான். ஆங்கிலத்தில் அந்தத் தானியத்தின் பெயரிலேயே குதிரை இருக்கிறது. ஆனால் நம் பழமொழி வேறு மாதிரி சொல்கிறது: இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. பாயிடம் இதைச் சொன்னேன். சிரிக்கவில்லை.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்தது குதிரை மசால். அதில் புரதம் அதிகம், மாவுச்சத்து குறைவு. உலர்ந்த மசால் அரைக் கிலோ, 4 மணிக்கு ஒருதரம், ராத்திரி உட்பட நாளைக்கு 6 வேளை. மூன்று நாள் கழித்து அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேளையைக் குறைத்து, 10 நாளில் வேண்டிய மட்டும் தின்னும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கடைவாய்ப் பல்லின் விளிம்புகள் கத்திபோல் வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தன. குதிரையின் பல் ஆயுளின் பெரும்பகுதி முளைத்துக்கொண்டே இருப்பது. தேய்வு சமமாக இல்லாவிட்டால் இப்படி ஆகும். மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பிக்கொண்டிருந்ததன் அர்த்தம் அப்போதுதான் விளங்கிற்று. அரத்தால் ராவிவிட்டார்கள். சாணத்தைப் பரிசோதித்துப் பூச்சிமருந்தை எப்போது தருவது என்று சொன்னார்கள். மணலில் தீனி போடக்கூடாது, மணல் குடலில் தங்கும்; தொட்டியில் வை என்றார்கள். சவாரி கூடாது என்பது கடைசி வரி. பாய்க்கு அதுதான் முதல் வரி.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியது இங்கே ஞாபகம் வருகிறது. அரசர்கள் வருஷாவருஷம் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளை வாங்குகிறார்கள், ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துவிடுகின்றன, இறைச்சியும் சோறும் சமைத்துக் கொடுக்கிறார்கள் என்கிறார். குதிரை வைத்தியம் தெரிந்தவர் யாரும் அங்கே போய்விடாமல் வியாபாரிகள் பார்த்துக்கொள்வதாகவும் சொல்கிறார். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பல் விலைபோகும். வியாபாரிகளின் தந்திரம் இருக்கட்டும், என்னைத் தொடுவது அந்தச் சோறு. அது கஞ்சத்தனத்தில் வைத்ததல்ல. தனக்கு உசத்தி என்று தோன்றியதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள். எதிரில் இருப்பதன் வயிறு எப்படிப்பட்டது என்று கேட்காத கருணைக்கு நம்மிடம் நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. இளம் கவிஞனின் முதல் பத்துக் கவிதைகளுக்குமேல் முன்னுரை மூட்டையைக் கொட்டுகிற நம் வட்டத்தினருக்கும் இதில் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

எனக்கு அகப்பட்ட வேலை அளப்பது. நெஞ்சின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை உடம்பின் நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும். டிசம்பரில் சுற்றளவு 140, நீளம் 145. எடை 239. கூடவே, டெக்சாஸில் ஹென்னெக் என்பவர் 1983இல் வெளியிட்ட முறை ஒன்றைக் கற்றேன். கழுத்து, திமில், தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வாலடி என்று ஆறு இடங்களைத் தொட்டுப் பார்த்து 1 முதல் 9 வரை எண் கொடுப்பது. எங்கள் பெட்டைக்கு இரண்டு. இந்த முறையில் எனக்குப் பிடித்தது எண் அல்ல, தொட்டுப் பார்க்கச் சொல்வது. அடர்ந்த ரோமம் விலாவை மறைக்கும், தொங்கும் வயிறு கொழுப்புபோல் ஏய்க்கும். கண்ணை நம்பினால் மோசம். கவிதைக்கு மார்க் போடுகிற நாமும் எத்தனை இடத்தில் தொட்டுவிட்டுப் போடுகிறோம்?

ஆறு வேளைத் தீனிக்கு முறை போட்டுக்கொண்டோம். ராத்திரி 2 மணி வேளை மேன்ஷன்காரர்களுடையது. பொங்கலுக்கு எப்படியும் சவாரி இல்லாமல் போயிற்று. காணும் பொங்கலன்று கடற்கரைக்கு யாரும் வரக்கூடாது என்று அரசாங்கமே தடை போட்டுவிட்டது. பாய்க்கு அதில் ஒருவித ஆறுதல். நண்பர்கள் மூவர் ஒரு சிறுபத்திரிகைக்காக ஒதுக்கியிருந்த பணம் மசாலுக்குப் போயிற்று. ஓர் இதழ் வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்டு எழுதவில்லை.

ஒரு மாதம்போல ஆன பிறகு டாக்டரம்மா எண்ணெய்க்கு அனுமதி கொடுத்தார். ஒரு கரண்டியில் ஆரம்பித்து வாரங்களில் கூட்டுவது. எடைக்கு எடை தானியத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி, மாவுச்சத்து கிடையாது. இளைத்தவனுக்கு எள்ளு என்றவன் ஏதோ தெரிந்துதான் சொல்லியிருக்கிறான். கொள்ளு கடைசியில் வந்தது, வேகவைத்து, கைப்பிடி அளவில். அன்று பாய் சிரித்தார்.

முதல் மூன்று வாரம் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. டேப் மட்டும் ஒரு சென்டிமீட்டர் சொல்லிற்று. பாய் அதை நம்பவில்லை. "நீ பேங்க்காரன் சார், கணக்குல ஏத்திடுவ" என்றார். பிப்ரவரி இறுதியில் வாலடிக் குழி மூடியது. மார்ச்சில் எடை குறைந்த குழந்தைகளை மட்டும் ஏற்றி, நாளைக்கு ஒரு மணி நேரம் நடக்க வைத்தார்.

மே முதல் வாரம் அளந்தபோது சுற்றளவு 152. கணக்குப்படி 282 கிலோ. 2021 மே 10ஆம் தேதி மறுபடியும் முழு ஊரடங்கு. போன தடவை கையில் காசு தீர்ந்ததும் தீனியை ஒரேயடியாக நிறுத்த வேண்டியிருந்தது. இந்தத் தடவை பாய் முதல் நாளே எண்ணெயையும் கொள்ளையும் நிறுத்திவிட்டு, இருந்த பணத்தையெல்லாம் புல்லுக்கு ஒதுக்கினார். நாளைக்கு 5 கிலோ, குறையாமல். குறைந்தால் என்ன என்று கேட்டேன். பெட்டையின் விலாவில் கையை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நாப்பது கிலோக்கு மேல டெபாசிட் கெடக்குது சார். எடுக்காம பாத்துக்கணும்."